இடிந்த வீட்டைக் கட்டுவதா, சங்கத்தில் சேர்வதா: எது முதலில்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது: உக்ரைனின் மறுகட்டமைப்பு என்று பேச்செடுத்தாலே ஏன் உடனே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதைப் பற்றிப் பேசுகிறார்கள்? வீடு இடிந்து தெருவில் நிற்பவனுக்குச் செங்கல் கொடுக்காமல், சங்கத்தில் சேர் என்று படிவத்தை நீட்டுவது என்ன நியாயம்? இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டையும் எதற்கு முடிச்சுப் போடுகிறார்கள் என்பது ஒன்று. அந்த முடிச்சால் போரில் நொந்த நாட்டுக்கு நன்மையா, அல்லது அதன் அவசரத்தைப் பயன்படுத்தி மற்றவர்கள் காரியம் சாதிக்கிறார்களா என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

நான் கட்டடப் பொறியியல் படித்துவிட்டுக் கணக்குப் பக்கம் போனவன். பதினான்கு ஆண்டுகளாக பால்கன் நாடுகளில், வெளிநாட்டு உதவிப் பணத்தில் நடக்கும் சாலை, பள்ளி, குடிநீர் வேலைகளின் டெண்டர் கோப்புகளைத் தணிக்கை செய்வதுதான் பிழைப்பு. அதனால் போஸ்னியா, குரோஷியா பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்வேன். உக்ரைனில் வேலை பார்த்ததில்லை. அந்தப் போர் எப்போது, எப்படி முடியும் என்பதில் என் கருத்துக்கு உங்கள் தெரு டீக்கடைக் கருத்தைவிட மதிப்பு அதிகம் கிடையாது.

முடிச்சு புதிதல்ல. 1947 ஜூனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்ஷல் உதவித் திட்டத்தை அறிவித்தபோதே, ஐரோப்பியர்கள் தாங்களே கூடிப் பேசி ஒரு திட்டத்தோடு வரவேண்டும் என்றார். 16 நாடுகள் பாரிசில் உட்கார்ந்தன. 1948இல் அதற்கென ஓர் அமைப்பு உருவானது, நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் வந்தது. அந்தப் பணம் எவ்வளவு வேலை செய்தது என்பதில் பொருளாதார வரலாற்றாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. பெறுகிற நாடுகளின் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது ஆண்டுக்குச் சில சதவீதம்தான். ஆனால் ஒருவருக்கொருவர் வியாபாரத்தைத் திறந்துவிட்டதும், 1950இல் பணம் செலுத்துவதற்கான பொது ஒன்றியம் அமைத்ததும் உதவின என்பதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் அந்த உதவி நிதியைக் கையாள 1948இல் தொடங்கிய அரசு வங்கி இன்றும் நடக்கிறது. பணம் செலவாகிவிடும், அதைக் கொடுக்கல் வாங்கல் பார்க்க உண்டாக்கிய ஏற்பாடு தங்கிவிடும். என் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது.

சரி, உக்ரைனுக்கு வருவோம். இடிந்ததைக் கட்டுவது என்றால் முதல் நாளே ஒரு கேள்வி வந்து நிற்கும்: எந்த அளவில் கட்டுவது? ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைனின் தண்டவாள அகலம் சோவியத் காலத்து 1520 மில்லிமீட்டர், மேற்கே பெரும்பாலான நாடுகளில் 1435. குண்டு விழுந்த பாதையைப் பழைய அகலத்திலேயே போட்டால் வேலை சீக்கிரம் முடியும், உள்ளூர் வண்டிகள் ஓடும். புதிய அகலத்தில் போட்டால் செலவு எகிறும், ஆனால் எல்லையில் வண்டியை மாற்ற வேண்டியதில்லை. நாட்டின் மேற்கு ஓரத்தில் சோப் முதல் உஷ்ஹொரோத் வரை 22 கிலோமீட்டரை ஐரோப்பிய அகலத்தில் போட்டு 2025 செப்டம்பரில் திறந்தார்கள். தூரம் சின்னது. ஆனாலும் அந்த 22 கிலோமீட்டருக்குப் பின்னால் நாடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கப் போகிறது என்ற முடிவு இருக்கிறது. மருத்துவமனையின் தீயணைப்பு விதி, குடிநீரின் தரம், கழிவுநீர்க் குழாய் என்று எதைத் தொட்டாலும் இதே கதைதான். பத்து வருடத்தில் ஒன்றியத்தில் சேரப்போவது உறுதி என்றால், பழைய தரத்தில் கட்டி மறுபடி இடிப்பது இரட்டைச் செலவு. சேரப்போவதே இல்லை என்றால், புதிய தரத்தில் கட்டுவது வீண் செலவு. முடிச்சு என்று நீங்கள் சொல்வதில் பாதி, எவரும் வேண்டுமென்று போட்டது அல்ல. கட்டும் வேலைக்குள்ளேயே அது இருக்கிறது.

மின்சாரம் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 2022 பிப்ரவரி 24 அதிகாலை உக்ரைன் தன் மின்கட்டமைப்பை ரஷ்யா, பெலாரஸ் கட்டமைப்பிலிருந்து துண்டித்தது. தனியாக ஓட முடிகிறதா என்று பார்க்க முன்கூட்டியே குறித்திருந்த மூன்று நாள் சோதனை அது. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. பழைய இணைப்புக்குத் திரும்பவில்லை. மார்ச் 16 அன்று ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைத்தார்கள், 2023இல் செய்வதாக இருந்த வேலை. பின்னால் மின்நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டபோது, மேற்கிலிருந்து வாங்கிய மின்சாரம் பல நகரங்களில் விளக்கை அணையாமல் வைத்தது. சேர்வதற்காகச் செய்து வைத்த தயாரிப்பு, போரின் நடுவே உயிர் காத்தது என்று இந்த ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது முடிச்சே இல்லாமல் பணம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க போஸ்னியாவுக்குப் போகவேண்டும். போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலக வங்கியும், ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையமும் முன்னின்று சுமார் 510 கோடி டாலருக்கு ஒரு மறுகட்டமைப்புத் திட்டம் போட்டன. அவசர வேலை என்ற அளவில் அது தோல்வி அல்ல, இதை அழுத்திச் சொல்கிறேன். பாலங்கள் வந்தன, கூரைகள் வந்தன, மின்சாரம் வந்தது. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தீர்க்கும் வேலையைச் செய்யவைக்க அந்தப் பணத்தின் பின்னால் எதுவும் இல்லை. ஒன்றியத்தோடு சங்க ஒப்பந்தம் (சேர்வதற்கு முன்படியான ஒத்துழைப்பு ஒப்பந்தம்) 2008இல்தான் கையெழுத்தானது, அது நடைமுறைக்கு வர 2015 ஆனது. சேரக் காத்திருக்கும் நாடு என்ற அங்கீகாரம், அதாவது வேட்பாளர் தகுதி, 2022 டிசம்பரில். அதற்குள் உதவிப் பணமெல்லாம் செலவாகி, கட்டிய கட்டடங்களுக்கே மராமத்து நேரம் வந்துவிட்டது. மோஸ்தாரின் பழைய பாலம் 1993இல் உடைக்கப்பட்டு 2004இல் அழகாக மீண்டும் எழுந்தது, படத்தில் பார்த்திருப்பீர்கள். அதே ஊரில் 2008க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை, தேர்தல் விதியில் கட்சிகள் ஒத்துப்போகாததால். நான் ஒருமுறை தணிக்கைக்குப் போன ஒரு பள்ளியில் (ஊர் பெயர் வேண்டாம்) உதவிப் பணத்தில் வாங்கிய புத்தம் புதிய கொதிகலன் இருந்தது, எரிபொருள் வாங்கக் காசு இல்லை. செலவு எங்களுடையது இல்லை என்று இரண்டு நிர்வாகங்களும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பில் எல்லாம் சரி, டெண்டர் சுத்தம், பில் சுத்தம். நானும் குறை எதுவும் இல்லை என்றுதான் எழுதவேண்டியிருந்தது.

குரோஷியா வேறு மாதிரி. 1991 முதல் 1995 வரை போர். முடிந்த கையோடு அங்கே வீடுகளையும் சாலைகளையும் கட்டியதில் பெரும்பகுதி சொந்த பட்ஜெட்டிலும் வாங்கிய கடனிலும் நடந்தது. ஒன்றியத்தின் உறுப்பினர் நிதி பெருமளவில் வந்து சேர்ந்தபோது போர் முடிந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன, ஏனென்றால் சேர்ந்தது 2013 ஜூலை 1. ஆக, ஒன்றியம் குரோஷியாவை மீண்டும் கட்டியெழுப்பியது என்று யாராவது சொன்னால் அது பாதிக்கும் குறைவான உண்மை. ஒன்றியத்தின் வாசல் அங்கே செப்பனிட்டது செங்கல்லை அல்ல, நீதிமன்றத்தையும் கஜானாவையும்.

எப்படி என்று சொல்கிறேன், இந்தக் கதையில் நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. 1999 டிசம்பரில் அதிபர் துஜ்மன் இறந்தார், 2000 தொடக்கத்தில் ஆட்சி மாறியது, 2001இல் சங்க ஒப்பந்தம், 2003இல் விண்ணப்பம். பேச்சுவார்த்தை 2005 மார்ச்சில் தொடங்குவதாக இருந்தது. தளபதி அந்தே கோதோவினாவைப் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குப் பிடித்துக்கொடுக்க ஒத்துழைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார்கள். அக்டோபரில் தொடங்கியது. டிசம்பரில் அவர் ஸ்பெயினின் தெனரீஃப் தீவில் பிடிபட்டார். (2012இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. நிபந்தனை வேலை செய்தது என்பதும், நிபந்தனை எல்லா நேரமும் சரியான ஆள் மீதுதான் பாய்ந்தது என்பதும் வேறு வேறு.) ஊழல் ஒழிப்புக்குத் தனி வழக்குத்தொடுப்பு அலுவலகம் வலுவானது. 2009இல் திடீரென்று பதவி விலகிய பிரதமர் இவோ சானாதெர், 2010 டிசம்பரில் நாட்டை விட்டுக் கிளம்பி ஆஸ்திரியாவில் கைதானார். பின்னால் தண்டனையும் பெற்றார். வாசல் திறக்கவேண்டுமே என்ற நெருக்கடி இல்லாமல் ஒரு முன்னாள் பிரதமர் மேல் இவ்வளவு தூரம் வழக்கு போயிருக்குமா? போயிருக்காது என்பது என் கணிப்பு. நிரூபிக்க வழி இல்லை.

கப்பல் கட்டும் தளங்களில்தான் மறுகட்டமைப்பும் உறுப்பினர் சேர்க்கையும் நேருக்கு நேர் மோதின. அட்ரியாட்டிக் கரையோரம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றை நம்பியிருந்தன, அரசு மானியத்திலும் உத்தரவாதத்திலும் தளங்கள் மூச்சு விட்டன. ஒன்றியத்தின் போட்டி விதிகள் அதை அனுமதிக்காது. தனியாருக்கு விற்று, சீரமைத்து, அதன் பிறகு வா என்றார்கள். பூலா நகரின் உல்யானிக் அப்போதே தனியார் கையில்தான் இருந்தது. அதுவும் 2019இல் திவாலாகி, அரசு கொடுத்திருந்த உத்தரவாதங்கள் மக்கள் தலையில் விடிந்தன. நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், நஷ்டத்தில் ஓடும் தளத்துக்குக் காலமெல்லாம் பணம் கொட்ட முடியாது என்பது சரி. ஆனால் போரில் அடிபட்ட தொழிலுக்கும், சோம்பலில் கெட்ட தொழிலுக்கும் ஒரே விதியை ஒரே வேகத்தில் பொருத்தியது சரியில்லை.

அப்புறம் அந்த வாசலின் பலம் எது வரைக்கும்? உள்ளே காலடி வைக்கும் வரைக்கும். சேர்வதற்கு மூன்று நாள் முன்பு, 2013 ஜூன் 28 அன்று, குரோஷிய நாடாளுமன்றம் ஐரோப்பியக் கைது ஆணை (ஓர் ஒன்றிய நாடு தேடும் ஆளை இன்னொன்று பிடித்து ஒப்படைக்கும் ஏற்பாடு) 2002 ஆகஸ்டுக்கு முந்தைய குற்றங்களுக்குப் பொருந்தாது என்று சட்டத்தைத் திருத்தியது. யூகோஸ்லாவிய உளவுத்துறை முன்னாள் அதிகாரி யோசிப் பெர்கோவிச்சை ஜெர்மனியிடம் ஒப்படைக்காமல் இருக்கத்தான் இது என்று ஊரே பேசியது. நிதியை நிறுத்துவோம் என்று ஆணையம் மிரட்டிய பிறகு திருத்தத்தை வாபஸ் வாங்கி, 2014 ஜனவரியில் ஆளை அனுப்பினார்கள். நுழைவுச் சீட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை இது! பத்து வருடம் குரோஷியாவின் கோப்பு பார்த்த ஒன்றிய அதிகாரிகள் முகத்தில் அன்று ஈ ஆடவில்லை.

இன்னொரு விஷயம், உங்கள் கேள்வியில் இல்லாதது. வாசல் திறந்தால் பணம் மட்டும் உள்ளே வராது, ஆட்களும் வெளியே போவார்கள். கிழக்குக் குரோஷியாவின் வுக்கோவார் 1991இல் 87 நாள் முற்றுகையில் தரைமட்டமான ஊர். பக்கத்து பொரோவோவில் 1931இல் பாட்டா கம்பெனி தொடங்கிய செருப்புத் தொழிற்சாலை இருந்தது. ஆம், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே பாட்டா. போருக்கு முன் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த இடம், இன்று சில நூறு பேர். ஊரைக் கட்டினார்கள், குண்டு துளைத்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தை நினைவுச் சின்னமாக்கி 2020இல் திறந்தார்கள். ஆனால் 2011க்கும் 2021க்கும் நடுவே அந்த மாவட்டம் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. நாடு முழுவதும் 42.8 லட்சத்திலிருந்து 38.7 லட்சமாகக் குறைந்தது. பிறப்பு விகிதமும் முதுமையும் இதில் சேர்ந்திருக்கின்றன, எல்லாப் பழியையும் ஒன்றியத்தின் மேல் போடமுடியாது. ஆனால் அயர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் பஸ் ஏறிய இளைஞர்களை அந்தக் கிழக்குப் பகுதியான ஸ்லவோனியாவில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். உக்ரைனைப் பொறுத்தவரை 40 லட்சத்துக்கும் மேலானவர்கள் ஏற்கெனவே ஒன்றிய நாடுகளில் தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். பிள்ளைகள் போலந்து மொழியில் கணக்குப் படிக்கிறார்கள். கட்டும் வீட்டுக்குக் குடிவர ஆள் வேண்டுமே.

உக்ரைனில் நடப்பது போஸ்னியா, குரோஷியா என்ற இந்த இரண்டு பாடத்தையும் ஒரே நேரத்தில் எழுதிப் பார்க்கும் முயற்சி. உலக வங்கியும் மற்றவர்களும் 2025 பிப்ரவரியில் போட்ட மதிப்பீட்டில் அடுத்த பத்து ஆண்டு மறுகட்டமைப்புத் தேவை 52,400 கோடி டாலர். அது 2024இல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. இதற்கு எதிரே ஒன்றியம் 2024 முதல் 2027 வரைக்கு வைத்த திட்டம் 5,000 கோடி யூரோ, அதில் 3,300 கோடி கடன், 1,700 கோடி மானியம். தேவையில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான், அதிலும் கணிசமான பகுதி அரசு அன்றாடம் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பதற்கே போகிறது. இருந்தாலும் தவணை முறை கவனிக்க வேண்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடித்த சீர்திருத்தங்களுக்கு ஏற்ப பணம். 2025இல் ஒரு தவணைக்குச் சொன்ன 16 சீர்திருத்தங்களில் 3 முடியவில்லை, அதற்குரிய தொகையைப் பிடித்து வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைக் குறைத்து ஒரு சட்டம் வந்தது. குண்டு விழும் நகரங்களில் மக்கள் அட்டைகளோடு தெருவுக்கு வந்தார்கள், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்சிலிருந்தும் குரல் எழுந்தது, பத்தே நாளில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். எது அதிகம் வேலை செய்தது, தெருவா பிரஸ்ஸல்சா என்று பிரித்துச் சொல்வது கடினம். தெருவுக்குத்தான் முதல் மார்க் கொடுப்பேன்.

என் தொழில் சார்ந்து ஒரு பாராட்டு. 2016 முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட புரோசோரோ என்ற மின்னணுக் கொள்முதல் முறை அங்கே உண்டு. யார் என்ன விலை கேட்டார்கள் என்று எந்தக் குடிமகனும் பார்க்கலாம். நான் தணிக்கை செய்த சில ஒன்றிய நாடுகளில்கூட இவ்வளவு திறந்த கோப்பு இல்லை. சேர வருபவன் எப்போதும் மாணவன், உள்ளே இருப்பவன் எப்போதும் வாத்தியார் என்று நினைத்துவிடக்கூடாது.

முடிச்சின் கெட்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். பணம் கொடுப்பவருக்கு ஒரு நாட்காட்டி, வீட்டோ, அதாவது ஒரே ஆளாகத் தடுக்கும் அதிகாரம், வைத்திருக்கும் உறுப்பு நாட்டுக்கு வேறு நாட்காட்டி. குரோஷியாவை எல்லைத் தகராறுக்காக அண்டை நாடு ஸ்லொவேனியா கிட்டத்தட்ட ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. உக்ரைனோடு பேச்சுவார்த்தை 2024 ஜூனில் முறைப்படி தொடங்கியும், ஹங்கேரியின் மறுப்பால் நெடுநாள் பேச வேண்டிய தலைப்புகளில் ஒரு தொகுப்புகூடத் திறக்கவில்லை. 2023இல் உக்ரைன் தானியம் மலிவாக வந்து குவிகிறது என்று போலந்து உள்ளிட்ட அண்டை நாடுகள் தடை போட்டன, அந்த ஆண்டு நவம்பரில் போலந்து லாரிக்காரர்களே எல்லையை மறித்தார்கள். உற்ற நண்பனின் எல்லையில் இந்த நிலை. உழவருக்கு ஒன்றியம் கொடுக்கும் மானியத்தை உக்ரைனின் பரந்த வயல்களோடு பங்கு போடவேண்டும் என்று வரும்போது சத்தம் இன்னும் கூடும்.

உறுப்பினர் வாசல் இல்லாமல் வெறும் வியாபாரச் சலுகையை நெம்புகோலாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை உதாரணம். மனித உரிமை ஒப்பந்தங்களைக் கடைப்பிடிக்கவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை ஒன்றியம் நிறுத்தியது. அன்றைய அரசு, போனால் போகட்டும் என்று இருந்துவிட்டது. ஆட்சி மாறிய பிறகுதான் 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. இழக்கப்போவது ஆடை ஏற்றுமதியில் சில சதவீத வரி மட்டும் என்றால், ஆட்சியாளர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

ஆக, எது முதலில் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: கூரை, தண்ணீர், மின்சாரம், கண்ணிவெடி அகற்றல், இவற்றுக்கு எந்த நிபந்தனையும் கூடாது, நாளைக்கே போகவேண்டும். முப்பது வருடம் நிற்கப்போகும் எதுவாக இருந்தாலும், ரயில், மின்கட்டமைப்பு, நீதிமன்றம், அரசு வங்கி, அதைச் சேரப்போகும் இடத்தின் அளவில் கட்டவேண்டும், அதற்கான பணத்தைத் தவணையாகத் தரவேண்டும். சேரும் தேதியோடு மட்டும் எதையும் கட்டிப்போடக் கூடாது. இன்ன ஆண்டில் சேர்ந்துவிடும் என்று சொல்பவர் அரசியல்வாதியாக இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், என்னைப்போல ஆலோசகராக இருந்தால் அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தவணையில் ஒரு வரி சேர்க்க எனக்கு அதிகாரம் இருந்தால், கட்டி முடித்த பள்ளிக்கு அடுத்த ஐந்து வருட எரிபொருள் செலவு எந்த நிர்வாகத்தின் கணக்கில் என்று கையெழுத்து வாங்காமல் கடைசித் தவணையை விடமாட்டேன்.